டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வரும் அரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது மூச்சுத்திணறல், கால் வீக்கம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை மட்டும் சொல்லிவிட்டு, அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் செவிலியரைக் கூப்பிட்டு "உடம்பெல்லாம் அரிக்கிறதே, இதற்கு ஏதாவது தடவலாமா?" என்று கேட்பது டயாலிசிஸ் பிரிவில் அன்றாடம் நடப்பது. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சில இடங்களில் மருந்தின் அளவு குறிக்கப்பட்டிருப்பது உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் விவரமாகப் பேச உதவும் என்பதற்காகத்தான். கடையில் நேரடியாக வாங்கிச் சாப்பிடுவதற்காக அல்ல.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு உடம்பெல்லாம் அரிக்கிறது. இது எல்லோருக்கும் வருவதா, எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் மிகப் பலருக்கு வருகிறது. பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளின்படி, ஹீமோடயாலிசிஸ் (இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு நடுத்தரம் முதல் கடுமை வரையிலான அரிப்பு இருக்கிறது. முதுகில்தான் அதிகம் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். கை, கால், முகம், தலை என எங்கும் வரலாம். பொதுவாக உடம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி அரிக்கும், இரவில் கூடும், வெக்கையிலும் வறண்ட காற்றிலும் மோசமாகும்.

இதனால் கெடுவது தோல் மட்டுமன்று. தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டவருக்குப் பகலில் சோர்வும் மனச்சோர்வும் சேர்கின்றன, அவர் சில நாள் டயாலிசிஸுக்கு வரவே மறுக்கிறார். ஆகவே "கிட்னி போனால் அரிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். முழுவதும் போகாவிட்டாலும், தூங்கும் அளவுக்குக் குறைக்க இன்று வழிகள் இருக்கின்றன.

தோலில் தடிப்போ கொப்புளமோ எதுவும் இல்லை. பிறகு எதனால் அரிக்கிறது?

சிறுநீரக அரிப்பின் அடையாளமே அதுதான். முதலில் தோலில் எதுவும் தெரியாது. சொறிந்து சொறிந்துதான் கீறல்களும், கறுத்த தழும்புகளும், நாள்பட்டால் கடினமான முடிச்சுகளும் வருகின்றன. காரணம் ஒன்றல்ல, பல. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் சுருங்கிவிடுவதால் தோல் வறண்டுபோகிறது. டயாலிசிஸ் முழுமையாக நீக்க முடியாத கழிவுகள் உடலில் தங்குகின்றன. பாஸ்பரஸ், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவை ஏறுமாறாகின்றன. உடலில் மெல்லிய அழற்சி ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. இவற்றோடு, அரிப்பு உணர்வைக் கடத்தும் நரம்புகளே அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட நிலையில் இருக்கின்றன.

பூச்சி கடித்தாலோ உணவு ஒவ்வாமை வந்தாலோ ஏற்படும் அரிப்பில் ஹிஸ்டமின் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுநீரக அரிப்பில் அதன் பங்கு சிறியது. பின்னால் வரும் பல பதில்கள் இந்த ஒரு வேறுபாட்டைச் சார்ந்தவை என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது வீட்டில் உள்ளவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமா? அம்மாவின் துண்டைத் தனியாக வைத்திருக்கிறோம்.

சிறுநீரக அரிப்பு ஒட்டாது. துண்டு, சோப்பு, படுக்கை எதையும் இதற்காகப் பிரிக்க வேண்டியதில்லை. அப்படிப் பிரிப்பது நோயாளியின் மனத்தைத்தான் புண்படுத்தும். ஆனால் வீட்டில் இன்னொருவருக்கும் அதே சமயத்தில் அரிப்பு தொடங்கியிருந்தால் காரணம் சிறுநீரகம் அல்லாமல் வேறு ஏதாவதாக இருக்கலாம். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

டயாலிசிஸ்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறதே, அப்புறமும் ஏன் அரிக்க வேண்டும்? வாரம் இரண்டு முறை செய்கிறேன், போதாதா?

நன்றாக இயங்கும் சிறுநீரகம் ஒரு வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்றால் இயந்திரம் வேலை செய்வது 12 மணி நேரம். இரண்டு முறை என்றால் எட்டே மணி நேரம். சிறுநீர் ஓரளவு நன்றாகப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு வாரம் இரண்டு முறை சில காலம் போதுமானதாக இருக்கலாம். சிறுநீர் அறவே நின்றுவிட்டவருக்கு அது பெரும்பாலும் போதாது, செலவையும் பயணத்தையும் நினைத்துத்தான் பலர் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றாலும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் அடங்குகிறது. காப்பீட்டு அட்டை இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் கைப்பணம் கட்டுபவர்கள் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

டயாலிசிஸ் போதுமா என்பதை அளக்க கே.டி./வி என்ற கணக்கு இருக்கிறது. வாரம் மூன்று முறை செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் அது குறைந்தது 1.2 வர வேண்டும், 1.4 இலக்கு. சில இடங்களில் யு.ஆர்.ஆர்., அதாவது ஒருமுறை டயாலிசிஸில் ரத்தத்தின் யூரியா எத்தனை சதவீதம் குறைகிறது என்று பார்ப்பார்கள், அது 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. எண் குறைவாக இருந்தால், ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் அறுவை செய்து இணைத்த ரத்தக் குழாயில்) ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, ஊசி சரியான இடத்தில் இருக்கிறதா, ரத்தத்தை வடிகட்டும் டயலைசரின் அளவு போதுமா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, கால் மரத்துப்போகிறது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அரை மணி நேரம் முன்னதாகவே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் பழக்கம் இருக்கிறதா என்பதை. அதே சமயம், எண் இலக்கைத் தாண்டிய பிறகும் அரிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு டயாலிசிஸை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை.

என்ன எண்ணெய் தடவலாம்? எத்தனையோ தடவிப் பார்த்துவிட்டேன், எதுவும் நிற்கவில்லை.

எதைத் தடவுகிறீர்கள் என்பதைவிட எப்போது, எவ்வளவு தடவுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். அரிக்கும்போது மட்டும் அந்த இடத்தில் இரண்டு விரலால் தேய்ப்பது போதாது. வெதுவெதுப்பான அல்லது சாதாரண நீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளித்து முடித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, அதாவது மூன்று நிமிடத்துக்குள், உடம்பு முழுவதும் தடவ வேண்டும். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. மருந்து போல நினைத்து, அரிப்பு இல்லாத நாளிலும் விடாமல் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, கிளிசரினும் பாரஃபினும் சேர்ந்த க்ரீம் ஆகிய எதுவும் ஆகும். சுத்தமான தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். விலையைப் பார்த்தால் பலருக்கு அதுவே தொடர்ந்து செய்யக்கூடியது. உடம்பு முழுவதற்கும் நாளுக்கு இருமுறை தடவினால் பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு 250 கிராமிலிருந்து 500 கிராம் வரை தேவைப்படும். ஆகையால் 30 கிராம் ட்யூப் ஒன்றை மாதம் முழுவதும் வைத்திருப்பவர் அந்த க்ரீம் வேலை செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. தோல் மிகவும் தடித்து வெடித்திருந்தால் யூரியா கலந்த க்ரீமை மருத்துவர் எழுதித் தருவார். புண் உள்ள இடத்தில் அது எரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். எண்ணெய் தடவிய காலுடன் குளியலறைத் தரையில் நடக்காதீர்கள். டயாலிசிஸ் செய்பவர்களின் எலும்பு எளிதில் முறியும். பாரஃபின் கலந்த க்ரீம் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்கு, பீடி, சிகரெட் ஆகியவற்றின் அருகே கவனமாக இருக்க வேண்டும்.

வேப்பிலை, மஞ்சள், கடலைமாவு போட்டுக் குளித்தால் அரிப்பு போகும் என்கிறார்களே?

மாவு வகைகளும் சீயக்காயும் தோலில் மிச்சம் இருக்கிற எண்ணெயையும் உறிஞ்சிவிடும். அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் சொறிந்து புண்ணான தோலில் எரிச்சலைக் கூட்டலாம். கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் நீரில் ஊற்றுவதும் அப்படித்தான். மிதமான சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போட்டு, மற்ற இடங்களைத் தண்ணீரால் கழுவினாலே போதும். நல்ல சுடுநீரில் குளிக்கும்போது அரிப்புக்கு இதமாக இருப்பது உண்மை. அடுத்த ஒரு மணி நேரத்தில் அது இரண்டு மடங்காகத் திரும்பி வருவதும் உண்மை.

இரவில்தான் தாங்க முடியவில்லை. சொறியாமல் எப்படி இருப்பது?

சொறியாதே என்று சொல்வது எளிது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். அரிக்கும் இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் வையுங்கள், அல்லது உள்ளங்கையால் அழுத்துங்கள். மாய்ஸ்சரைசரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தடவினால் குளிர்ச்சியே பாதி மருந்தாகும். மென்தால் சேர்ந்த லோஷன் சிலருக்கு இதமளிக்கும். தளர்ந்த பருத்தி உடை, காற்றோட்டமான இடம், கம்பளி படாத படுக்கை ஆகியவை உதவும். கலமைன் லோஷன் அப்போதைக்கு இதமாக இருந்தாலும் காய்ந்ததும் தோலை வறட்டும்; அதைத் தடவினால் பிறகு மாய்ஸ்சரைசரைக் கட்டாயம் தடவ வேண்டும்.

பாஸ்பரஸ் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் 7 என்று வருகிறது. ஏன்?

முதலில் கேட்க வேண்டியது, மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்பதை. கால்சியம் அசிடேட், கால்சியம் கார்பனேட், செவலமர் போன்றவை உணவில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும் மருந்துகள். ஆகவே சாப்பாட்டுடன், அல்லது முதல் கவளத்தின்போது எடுக்க வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து வெறும் வயிற்றில் காலையில் விழுங்கினாலும், இரவு படுக்கும்போது நினைவு வந்து போட்டுக்கொண்டாலும் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது. கால்சியம் மாத்திரையாக இருந்தால் அந்தக் கால்சியம் ரத்தத்தில்தான் ஏறும். மதியச் சாப்பாட்டை வெளியில் சாப்பிடுபவர்கள் சட்டைப் பையில் மாத்திரையை வைத்திருக்க வேண்டும்.

கணக்காகவே பார்க்கலாம். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஏறத்தாழ 800 மி.கி. பாஸ்பரஸை நீக்கும், வாரம் மூன்று முறை என்றால் 2,400 மி.கி. நாளுக்கு 1,000 மி.கி. பாஸ்பரஸ் உள்ள உணவைச் சாப்பிட்டு அதில் 60 சதவீதம் உடலில் சேர்ந்தால் வாரத்துக்கு 4,200 மி.கி. ஆகிறது. மீதியை மாத்திரைதான் பிடித்தாக வேண்டும். வாரம் இரண்டு முறை மட்டும் செய்பவருக்கு இடைவெளி இன்னும் பெரிது.

உணவிலும் எல்லாப் பாஸ்பரஸும் ஒன்றல்ல. பருப்பு, பயறு, தானியங்களில் உள்ளதில் பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் உடலில் சேரும். கோலா வகை பானங்கள், பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் சீஸ் போன்றவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் ஏறக்குறைய முழுவதுமாகச் சேர்ந்துவிடும். எனவே சாம்பாரில் உள்ள பருப்பைப் பார்த்துப் பயப்படும் முன் கோலா பாட்டிலை நிறுத்துங்கள். பால், தயிரின் அளவை உணவு ஆலோசகரிடம் கேட்டு வரையறுத்துக்கொள்ளுங்கள். பாஸ்பரஸ் 3.5 முதல் 5.5 வரை இருப்பது பொதுவான இலக்கு. அதைக் கட்டுப்படுத்துவது எலும்புக்கும் ரத்தக் குழாய்க்கும் நிச்சயமாக நல்லது. அரிப்புக்குச் சிலருக்குப் பெரிதும் உதவும், சிலருக்கு உதவாது. ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தும் அரிக்கிறது என்றால் நீங்கள் பொய் சொல்லவில்லை, ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை.

கத்தரிக்காய், மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இன்னும் எதை நிறுத்த வேண்டும்?

நிறுத்தியவற்றில் சிலவற்றைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கத்தரிக்காய் சிறுநீரக அரிப்பை உண்டாக்குவதில்லை. டயாலிசிஸ் செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். முட்டையையும் மீனையும் நிறுத்தினால் உடல் வற்றி, நோய் எதிர்ப்பு குறைந்து, சொறிந்த புண்களும் ஆறத் தாமதமாகும். முட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் நிறைய, பாஸ்பரஸ் மிகக் குறைவு. கருவாட்டை விடச் சொல்வது அதன் உப்புக்காக. உப்பு தாகத்தைக் கூட்டி, தாகம் எடையைக் கூட்டும். ஒரு குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டவுடன் தடிப்புத் தடிப்பாக வீங்கினால் அது ஒவ்வாமை. அந்த ஒன்றை மட்டும் விட்டால் போதும்.

சிட்ரிசின் போட்டால் தூக்கம்தான் வருகிறது, அரிப்பு போகவில்லை. இரண்டாகப் போடலாமா?

கூடாது. இவை ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகள். சிறுநீரக அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பங்கு சிறியது என்று முன்பே சொன்னேன். ஹைட்ராக்ஸிசின் போன்ற பழைய வகைகளும் டயாலிசிஸ் நடக்கும்போது போடும் ஏவில் ஊசியும் தரும் நிம்மதியில் பெரும்பகுதி தூக்கத்தால் வருவது. வயதானவர்களுக்கு இவை குழப்பம், வாய் வறட்சி, தடுமாற்றம் ஆகியவற்றைக் கொண்டுவரும். வாய் வறண்டால் தண்ணீர் குடிக்கத் தோன்றும்.

சிட்ரிசின் சிறுநீர் வழியாக வெளியேறும் மருந்து என்பதால், டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அளவைக் குறைத்துத்தான் தர வேண்டும். அதன் நெருங்கிய உறவான லெவோசிட்ரிசினை டயாலிசிஸ் நிலையில் உள்ளவர்கள் எடுக்கவே கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. சளிக்குத் தரும் கூட்டு மாத்திரைகளிலும் இது கலந்திருப்பதால், எந்த மருந்துக்கடையிலும் "நான் டயாலிசிஸ் செய்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், உடனே கேட்டது. நிறுத்தினால் திரும்ப வருகிறது.

உடனே கேட்கும் க்ரீம்களில் பெரும்பாலும் க்ளோபெடசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். கூடவே பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஆளுக்கொரு மருந்து கலந்திருக்கும். சிறுநீரக அரிப்புக்கு இது சிகிச்சையே அல்ல. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், எளிதில் கிழியும். படர்தாமரை இருந்தால் அப்போதைக்கு அமுங்கி, பிறகு உடம்பெல்லாம் பரவும், எளிதில் மருந்துக்குக் கட்டுப்படாது. ஃபிஸ்டுலா உள்ள கையில் தோல் மெலிவது எவ்வளவு ஆபத்து என்பதைக் கடைசிக் கேள்வியில் பாருங்கள். சொறிந்து வந்த எக்ஸிமா போன்றவற்றுக்குத் தோல் மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு எழுதித் தரலாம், அது வேறு.

அரிப்புக்குப் போய் டாக்டர் நரம்பு மாத்திரை எழுதியிருக்கிறார். தவறுதலாக எழுதிவிட்டாரா?

இல்லை. கேபாபென்டின், ப்ரீகேபலின் ஆகிய இரண்டும் வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தருபவை என்றாலும், நரம்புகளின் மிகைத் தூண்டலைக் குறைப்பதால் சிறுநீரக அரிப்பில் நன்றாக வேலை செய்கின்றன. மாய்ஸ்சரைசருக்கு அடங்காத அரிப்புக்கு இன்று பெரும்பாலான சிறுநீரக மருத்துவர்கள் கையில் எடுக்கும் மாத்திரை இதுதான். எளிதில் கிடைப்பதும் கூட.

ஆனால் இதில் அளவுதான் எல்லாம். சிறுநீரகம் நன்றாக இருப்பவரின் உடலில் கேபாபென்டின் பாதியாகக் குறைய ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். சிறுநீர் போகாதவருக்கு, டயாலிசிஸ் இல்லாத நாளில், 132 மணி நேரம் ஆகும். அதாவது ஐந்து நாளுக்கு மேல். டயாலிசிஸ் நடக்கும்போதோ நான்கு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு டயாலிசிஸ் முடிந்த பிறகும் 100 மி.கி. என்று தொடங்கி, தேவைப்பட்டால் 300 மி.கி. வரை மெதுவாகக் கூட்டுகிறார்கள். டயாலிசிஸுக்கு முன்னால் போட்டால் மருந்து இயந்திரத்தோடு போய்விடும். டயாலிசிஸ் இல்லாத நாளிலும் போட்டுக்கொண்டே வந்தால் உடலில் சேர்ந்துகொண்டே போகும்.

பெரும்பாலும் நடக்கும் விபரீதம் ஒன்றைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிக்குக் கால் எரிச்சலுக்காக வேறொரு மருத்துவர் மீதைல்கோபாலமினோடு ப்ரீகேபலின் 75 மி.கி. கலந்த மாத்திரையைத் தினமும் இருவேளை எழுதியிருப்பார். அரிப்புக்காகச் சிறுநீரக மருத்துவர் கேபாபென்டின் எழுதுவார். பெயர் வேறு வேறாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து உள்ளே போகும். சில நாளில் அளவுக்கு மீறிய தூக்கம், நாக்குழறல், நடையில் தள்ளாட்டம், கையில் பிடித்த டம்ளர் நழுவும்படியான திடீர் வெட்டி இழுப்பு ஆகியவை வரும். வீட்டில் உள்ளவர்கள் பக்கவாதம் என்று பதறுவார்கள். இந்த அறிகுறிகள் வந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்தால் வந்தது என்றால் டயாலிசிஸிலேயே சரியாகிவிடும். தூக்க மாத்திரையும் மதுவும் இவற்றோடு சேரவே கூடாது.

மெஷினில் படுத்திருக்கும்போது மட்டும்தான் அரிக்கிறது, வீட்டில் இல்லை. இதுவும் அதேதானா?

இது வேறாக இருக்கலாம். டயாலிசிஸ் தொடங்கிய சில நிமிடங்களில் அரிப்பு, தடிப்பு, இருமல், நெஞ்சில் இறுக்கம் ஆகியவை வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும்; மூச்சு முட்டினால் கையை உயர்த்திச் செவிலியரைக் கூப்பிடுங்கள், இயந்திரம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம். புது டயலைசர் போட்ட நாளில் மட்டும் வருகிறதா, அல்லது கழுவித் திரும்பப் பயன்படுத்தும் டயலைசரில் வருகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். புதியதில் அதன் சவ்வோ, கிருமி நீக்கப் பயன்படுத்திய வாயுவின் மிச்சமோ காரணமாகலாம்; பழையதில் கழுவிய மருந்து முழுவதும் அலசப்படாமல் இருந்திருக்கலாம். சிலருக்கு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாது. ஊசி குத்திய இடத்தைச் சுற்றிச் சதுரமாகச் சிவந்து அரித்தால் பிளாஸ்டரையோ, துடைக்கும் மருந்தையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

வேறு நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்களோடு இரவில் அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம்; வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து தடவினால்தான் போகும். வட்டமாக, ஓரம் தடித்து, தொடையிடுக்கிலும் இடுப்பிலும் இருந்தால் படர்தாமரை. கண் மஞ்சளாகி அரித்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையை அவ்வப்போது செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவையும் அரிப்பைத் தரும். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் அரிப்பது சிறுநீரக அரிப்பின் இயல்பு அல்ல.

பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) 1,200 என்று வந்திருக்கிறது. கழுத்தில் ஆபரேஷன் செய்தால் அரிப்பு நிற்குமா?

கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி மிக அதிகமாக வேலை செய்பவர்களில் சிலருக்கு அறுவைக்குப் பின் அரிப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் அரிப்புக்காக மட்டும் அந்த அறுவையைச் செய்வதில்லை; எலும்பு, கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த ஹார்மோனைக் குறைக்க சினகால்செட் போன்ற மாத்திரைகளும் உண்டு. டயாலிசிஸ் செய்பவருக்கு இந்த ஹார்மோன், சாதாரண உச்ச அளவைப் போல இரண்டு முதல் ஒன்பது மடங்குக்குள் இருந்தாலே ஏற்கத்தக்கது என்பதால், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்திருப்பதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம்.

நாட்டு மருந்துக்கடையில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கஷாயம் தருகிறார்களே, பக்கவிளைவு இல்லாதது என்கிறார்கள்.

இதற்குச் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்கிறேன். தோல் அரிப்புக்கென்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லப்படும் ஆடுதின்னாப்பாளையிலும், அதன் இனமான ஈசுவரமூலியிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சச் சிறுநீரும் நின்றுபோகலாம். பாதரசம், ஈயம் கலந்த பஸ்பங்களை வெளியேற்ற உங்கள் உடலில் வழியில்லை.

அருகம்புல் சாறு, இளநீர், காய்ச் சாறுகள் ஆகியவை நஞ்சல்ல, ஆனால் அவற்றில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு நின்றுபோகலாம். குடித்த அளவு தண்ணீர்க் கணக்கிலும் சேரும். ஸ்டார் ஃப்ரூட் எனப்படும் நட்சத்திரப் பழம் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். ஒரு துண்டுகூட வேண்டாம்.

இவ்வளவும் செய்தாகிவிட்டது. இதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. தோல் மருத்துவமனைகளில் தரப்படும் குறுகிய அலைவரிசைப் புற ஊதா ஒளி சிகிச்சை பலருக்கு உதவுகிறது. வழக்கமாக வாரம் மூன்று முறை போக வேண்டும் என்பதால் டயாலிசிஸ் நாட்களோடு பொருத்துவது சிரமம். மொட்டை மாடி வெயிலில் நிற்பது இதற்கு ஈடாகாது. வெக்கையும் வியர்வையும் அரிப்பைக் கூட்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னாளில் எடுக்கப்போகும் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்துகளே தோல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுபவை. செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் சிலருக்கு அரிப்பைக் குறைக்கின்றன. அதை எழுதியதால் உங்களை மனநோயாளி என்று மருத்துவர் நினைத்துவிட்டதாகப் பொருள் இல்லை.

டைஃபெலிகெஃபாலின் என்ற ஊசிக்கு, ஹீமோடயாலிசிஸ் செய்பவர்களின் நடுத்தர, கடும் அரிப்புக்கென்றே 2021 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நரம்புகளில் உள்ள கப்பா என்னும் ஏற்பியைத் தூண்டி அரிப்பு உணர்வை அடக்குகிறது. மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது. ஒவ்வொரு டயாலிசிஸ் முடிவிலும் இயந்திரக் குழாய் வழியாகவே செலுத்தலாம். வயிற்றுப்போக்கும் தலைசுற்றலும் அதன் பக்கவிளைவுகளில் அடங்கும். இதே வழியில் செயல்படும் நால்ஃப்யூராஃபின் மாத்திரை 2009 முதல் ஜப்பானில் இருக்கிறது. இவை கைக்கெட்டுமா, செலவு எவ்வளவு என்பதை உங்கள் சிறுநீரக மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

வயிற்று வழி டயாலிசிஸுக்கு மாறினால் அரிப்பு போய்விடுமா? மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்?

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் அரிப்பு வருகிறது. அதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை. அவர்களுக்கு கேபாபென்டின் அளவு மேலே சொன்ன கணக்கில் வராது, தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யத் தொடங்கினால் பெரும்பாலோருக்கு அரிப்பு நின்றுவிடுகிறது.

டாக்டரிடம் சொன்னேன், "அப்படித்தான் இருக்கும்" என்று போய்விட்டார். எப்படிச் சொன்னால் கேட்பார்?

எண்ணாகச் சொல்லுங்கள். அரிப்பே இல்லை என்றால் 0, கற்பனைக்கெட்டாத அரிப்பு என்றால் 10 என்று வைத்துக்கொண்டு, கடந்த 24 மணி நேரத்தில் மிக மோசமாக இருந்த அரிப்பு எத்தனை என்று தினமும் காலையில் நாட்காட்டித் தாளில் குறித்து வாருங்கள். 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை. மருந்து ஆய்வுகளிலும் இந்த அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். 3 புள்ளிகளாவது குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்வார்கள். "ரொம்ப அரிக்குது சார்" என்பதைவிட "இரண்டு வாரமாக 8, இரவில் மூன்று முறை எழுந்துவிடுகிறேன், சிட்ரிசின் கேட்கவில்லை, தினமும் இருமுறை மாய்ஸ்சரைசர் தடவுகிறேன்" என்று சொன்னால், அடுத்து எழுத வேண்டிய மருந்தைப் பற்றி மருத்துவர் யோசித்தே ஆக வேண்டும். நோயாளியால் சொல்ல முடியாவிட்டால் இரவில் கூட இருப்பவர் சொல்லட்டும்.

ஃபிஸ்டுலா கையிலேயே அரிக்கிறது. அங்கும் க்ரீம் தடவலாமா?

தடவலாம், ஆனால் டயாலிசிஸ் முடிந்து, ஊசி குத்திய துளைகள் மூடிய பிறகு. டயாலிசிஸுக்கு வரும் நாளில் காலையில் அந்தக் கையில் எதுவும் தடவாதீர்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் கிருமிநாசினி சரியாகப் படியாது, பிளாஸ்டரும் ஒட்டாது. ஊசி போடும் முன் அந்தக் கையைச் சோப்பால் கழுவிவிடுங்கள். கழுத்தில் லைன் (டயாலிசிஸுக்கான குழாய்) உள்ளவர்கள் அதன் கட்டுக்கு அருகே எதையும் தடவவோ, கட்டுக்குள் விரலை விட்டுச் சொறியவோ கூடாது. தோலில் வாழும் கிருமி அந்த வழியாக நேரே ரத்தத்துக்குள் போகும்.

ஊசி குத்திய இடத்தில் காய்ந்த பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள். ஃபிஸ்டுலாவின் மேல் தோல் மெலிந்து பளபளத்தாலோ, பொருக்கு பெரிதாகிக்கொண்டே போனாலோ, புண்ணாகிச் சீழ் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த டயாலிசிஸ் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சொறிந்து ரத்தம் பீறிட்டால் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்காதீர்கள். துண்டு ரத்தத்தை உறிஞ்சுமே தவிர நிறுத்தாது. ரத்தம் வரும் அந்த இடத்தின் மேலேயே விரலால் அழுத்தமாக அமுக்கி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, விரலை எடுத்து எடுத்துப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.